ஒரு நட்புக்கு ஒரு இடம்

இளையோர் கனவு மேம்பாட்டு வாரியத்துக்குப் போக வேண்டுமென்றால் வேங்கிக்காலில் டைல்ஸ் கடை மாடிக்கு ஏற வேண்டும். படிக்கட்டு இரண்டு. முன்பக்கம் இருப்பது தலைவருக்கும் அவருக்குச் சால்வை போட வருகிறவர்களுக்கும். கனவு உள்ளவர்கள் பின்பக்கமாக வர வேண்டும். பின்பக்கப் படிக்கட்டுக்குக் கைப்பிடி கிடையாது. பிடிமானம் இல்லாமல் மேலே ஏறுவதும் ஒரு பயிற்சிதான் என்று வாரியம் சுவரில் எழுதி வைத்திருந்தது.

கவிநிலாவும் தாட்சாயிணியும் சுவரைத் தடவிக்கொண்டு ஏறினார்கள். அவர்களிடம் ஒரு செல்போனும், அதில் எடுத்த ஒரு குறும்படமும் இருந்தன. பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. கவிநிலா வீட்டில் நர்சிங் என்று முடிவு. தாட்சாயிணி வீட்டில் பி.காம். இரண்டு பேருக்கும் வேண்டியது சினிமா. 'நட்பும் கனவும்' என்ற தலைப்பில் படம் எடுத்து வருகிற இளையோரைச் சென்னைக்கு ஓராண்டு சினிமாப் பயிற்சிக்கு அனுப்புவோம், தங்குமிடம், சாப்பாடு உட்பட எல்லாம் எங்கள் பொறுப்பு என்று வாரியம் விளம்பரம் செய்திருந்தது. அது கிடைத்தால் வீட்டில் வாய் திறந்து பேசலாம். கிடைக்காவிட்டால் ஒருத்தி ஊசி போடப் போவாள், இன்னொருத்தி வரவு செலவு எழுதப் போவாள், சைக்கிள் அதுபாட்டுக்குத் துருப்பிடிக்கும்.

சைக்கிள்தான் படம். பெயர் 'பெல் இல்லாத சைக்கிள்'. இரண்டு பெண்கள் ஒரே சைக்கிளில் மலையைச் சுற்றி வருகிறார்கள். இந்த மேட்டில் யார் மிதிப்பது, அடுத்த மேட்டில் யார் மிதிப்பது என்று பேசிக்கொண்டே வருகிறார்கள். அவ்வளவுதான். கவிநிலா எழுதி இயக்கினாள். தாட்சாயிணி கேமரா. நடிப்பதும் அவர்கள்தான், அப்போது செல்போனை மரத்தில் கட்டிவிடுவார்கள். கவிநிலா அடி அண்ணாமலைக்காரி. அவள் அம்மா பொன்னி கிரிவலப் பாதையில் மோரும் எலுமிச்சை ஜூஸும் விற்கிறாள். தாட்சாயிணியின் அப்பா கைலாசநாதன் அண்ணாமலையார் கோயில் குருக்கள். ஆறாம் வகுப்பில் டீச்சர் உயரப்படி உட்கார வைத்ததில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சுக்கு வந்தார்கள். பிறகு உயரம் மாறியும் பெஞ்ச் மாறவில்லை.

மேலே கண்காணிப்பாளர் முருகவேல் இருந்தார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள் இருக்கிற மனிதர். எதற்கும் ஆச்சரியப்படுவதை எப்போதோ நிறுத்தியிருந்தார்.

"உக்காருங்கம்மா. உக்கார்றதுக்கு முன்னாடி உறுதிமொழி எடுக்கணும். நான் சொல்றதத் திருப்பிச் சொல்லுங்க."

இருவரும் கையை நீட்டிச் சொன்னார்கள். "என் கனவை நான் துரத்துவேன். அலுவலக நேரத்தில் துரத்துவேன். ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாட்களிலும் துரத்த மாட்டேன். துரத்தும்போது ஏற்படும் காயங்களுக்கு வாரியம் பொறுப்பல்ல."

"சார், ஞாயித்துக்கிழம ஏதாவது தோணுச்சுன்னா?" என்றாள் தாட்சாயிணி.

"திங்கக்கிழம வந்து தோணட்டும்மா."

தலைவர் சக்கரவர்த்தியின் அறையில் மூன்று சுவர்களில் அவருடைய படங்களும் நான்காவது சுவரில் ஒரு கண்ணாடி பீரோவும் இருந்தன. பீரோவுக்குள் ஒரு பெரிய கேமரா, மாலை போட்டு, பொட்டு வைத்து உட்கார்ந்திருந்தது. வாரியம் தொடங்கியபோது வாங்கியது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் வெளியே எடுத்துத் துடைத்து உள்ளே வைப்பார்கள். எடுத்துப் பயன்படுத்தினால் தேய்ந்துவிடும்.

"இந்தக் கேமராவப் பாருங்க" என்றார் தலைவர். "இத இதுவரைக்கும் ஒருத்தர் கையில குடுத்ததில்ல. ஏன்? கையில குடுத்தா ஒருத்தருக்குத்தான் பயன். பீரோவுல இருந்தா எல்லாருக்கும் ஊக்கம். அதான் நம்ம வாரியத்தோட அணுகுமுறை."

கவிநிலா கேமராவைப் பார்த்தாள். ஊக்கம் வருகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

படத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்ல மங்களாம்பிகை வந்திருந்தார். வாரியத்தின் திரைக்கதை நெறியாளர். ரமணாசிரமம் பக்கம் ஒரு கஃபேயின் மொட்டை மாடியில் வெளிநாட்டுக்காரர்களுக்கு 'மௌனத் திரைக்கதை' வகுப்பு எடுக்கிறவர். அந்த வகுப்பில் மாணவர்களும் பேச மாட்டார்கள், ஆசிரியரும் பேச மாட்டார். அங்கே பேசாமல் சேர்த்து வைப்பதையெல்லாம் வேங்கிக்காலில் வந்து பேசுவார்.

செல்போனில் படத்தைப் பார்த்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சண்டை எங்க?"

"எந்தச் சண்ட மேடம்?" என்றாள் கவிநிலா.

"இது நட்புப் படம். நட்புப் படம்னா சந்திக்கணும், சேரணும், இடைவேளையில பிரியணும், கடைசியில எதிரெதிரா ஓடி வந்து கட்டிப் பிடிக்கணும். நீங்க முதல் காட்சியிலயும் ஒன்னா இருக்கீங்க, கடைசிக் காட்சியிலயும் ஒன்னா இருக்கீங்க. அப்போ நடுவுல நான் எதுக்குப் பாக்கணும்?"

"நாங்க சண்ட போட்டதே இல்ல மேடம்."

மங்களாம்பிகை தலைவரைப் பார்த்தார். தலைவர் மங்களாம்பிகையைப் பார்த்தார். ஒரு நோய்க்கு மருந்து இல்லை என்று தெரிந்த இரண்டு டாக்டர்கள் அப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள்.

"அது மட்டும் இல்ல" என்றார் தலைவர். "பயிற்சிக்கு ஒரு நட்புக்கு ஒரு இடம்தான். அது விதி. ரெண்டு பேர்ல யாரு பிரதான நண்பர், யாரு துணை நண்பர்னு நீங்களே சொல்லிட்டா எங்களுக்கு வேலை கம்மி."

"அப்போ ஒருத்திதான் போக முடியுமா சார்?" என்றாள் தாட்சாயிணி.

"ஒருத்தர் போவாங்க. இன்னொருத்தர் வழியனுப்புவாங்க. அதுவும் நட்புதானம்மா. போனவங்களவிட வழியனுப்பினவங்களத்தான் படத்துல எல்லாரும் ஞாபகம் வச்சுப்பாங்க."

கீழே டைல்ஸ் கடை வாசலில் தாட்சாயிணி சொன்னாள்: "ரெண்டு பேரும் இல்லன்னா யாரும் வேணாம். சரியா?"

"சரி" என்றாள் கவிநிலா. சொன்ன வேகத்தில் ஒரு சின்னத் தாமதம் இருந்ததோ என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

அடுத்த வாரம் சண்டைப் பயிற்சி. கூட்ட அறையில் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளி நடுவில் இடம் விட்டிருந்தார்கள். முருகவேல் மேஜை மணியை அடித்து, "சண்ட ஆரம்பிக்கலாம்" என்றார்.

"ஏய்" என்றாள் கவிநிலா.

"இன்னாடி?"

"ஒன்னுமில்ல."

"அப்புறம் ஏன் கூப்ட்ட?"

"சண்ட போடச் சொன்னாங்களே."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மங்களாம்பிகை நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "நான் செஞ்சு காட்றேன். தலைவர் சார், நீங்க என் நண்பர்னு வச்சுக்குவோம்."

"வச்சுக்கலாம்."

"நீங்க எனக்குத் துரோகம் பண்ணிட்டீங்க."

"எப்போ?"

"போன வருஷம் பயிற்சி முகாம் அழைப்பிதழ்ல என் பேரைக் கடைசியில, நன்றியுரைக்கும் கீழ போட்டீங்களே, அப்போ."

"அது அச்சகத்துல நடந்த தப்பு மேடம்."

"அச்சகத்துக்கு என்னைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சதாலதான் போட்டேன்."

அதன்பிறகு மணியை இரண்டு முறை அடித்தும் பயனில்லை. அழைப்பிதழிலிருந்து பொன்னாடைக்கும், பொன்னாடையிலிருந்து காரில் முன்சீட்டுக்கும் போனார்கள். சாப்பாட்டு நேரத்தில் தலைவர் முன்பக்கப் படியிலும் நெறியாளர் பின்பக்கப் படியிலும் இறங்கிப் போனார்கள். முருகவேல் பதிவேட்டில் 'செயல்முறை விளக்கம் சிறப்பாக நடைபெற்றது' என்று எழுதினார்.

விளக்கம் சிறப்பாக இருந்தும் பெண்கள் கற்றுக்கொள்ளவில்லை. எனவே வாரியம் கூடி, குறை கண்டறியும் விசாரணை நடத்துவதென்று முடிவு செய்தது. இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, மற்றவரின் குறைகளைக் கேட்டு எழுத வேண்டும்.

யாருக்கும் கொடுக்காத கேடயங்கள் அடுக்கிய ஓர் அறையில் முருகவேல் கவிநிலாவை உட்கார வைத்தார்.

"உன் ஃபிரண்டுகிட்ட என்னம்மா குறை?"

"ஒன்னும் இல்ல சார்."

"அப்படி எழுத முடியாதும்மா. கட்டம் பெருசா போட்டிருக்காங்க."

கவிநிலா யோசித்தாள். வேறு யாரும் இல்லாத அறையில் ஒருவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தால், நம்மிடம் இருப்பதே தெரியாத ஏதாவது ஒன்று வெளியே வந்துவிடுகிறது.

"அவ எங்க வீட்ல தண்ணி குடிக்க மாட்டா சார்."

பேனா நின்றது.

"ஷூட்டிங் அன்னிக்கெல்லாம் எங்க வீட்டுக்குத்தான் வருவா. அம்மா கடையத் தாண்டித்தான் வரணும். அந்த வெயில்ல வந்தாலும் கேக்க மாட்டா. அவ பையில சொந்தமா பாட்டில் வச்சிருப்பா. ஷூட்டிங்குக்கு முன்னாடிலேந்தே, ஆறு வருஷமா."

முருகவேல் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இது வேணாம்மா. வாரியம் எதிர்பாக்கற சண்ட வேற. இத எழுதினா மேல போகும், கீழ வரும், எல்லாருக்கும் சங்கடம். வேற ஏதாவது சொல்லு. நேரத்துக்கு வருவாளா?"

"கொஞ்சம் லேட்டாதான் வருவா."

"அது போதும்" என்று நிம்மதியாக எழுதினார்.

மறுநாள் கூட்ட அறையில் தலைவர் இருவரும் சொன்ன குறைகளைப் படித்தார். கவிநிலா சொன்னது: தாட்சாயிணி காலத்தை மதிக்காதவர், பிறர் உழைப்பைக் காக்க வைப்பவர். தாட்சாயிணி சொன்னது: கவிநிலா பிறர் யோசனையைத் தன் யோசனை என்று சொல்லிக்கொள்பவர்.

கவிநிலாவுக்கு முகம் சுட்டது. சைக்கிள். ஒரே சைக்கிளில் இரண்டு பேர் என்பதை முதலில் சொன்னது தாட்சாயிணிதான். தேரடித் தெருவில் ஒரு மழை நாளில், பஸ் நிழற்குடைக்குக் கீழே. அதை எழுதியதும், 'கதை: கவிநிலா' என்று போட்டதும் இவள். இதுவரை அது தப்பு என்று இவளுக்குத் தோன்றியதே இல்லை. அதனால்தான் இன்னும் அதிகமாகச் சுட்டது.

"அப்படித்தான் சொன்னியா?" என்றாள் கவிநிலா.

"நீ மட்டும் என்னப் பத்தி இன்னா சொல்லி வச்சிருக்க?"

"நான் அதச் சொல்லல. நான் சொன்னத அவரு எழுதல."

"அப்போ இன்னும் ஜாஸ்தியா சொல்லியிருக்க."

தாட்சாயிணி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கைப்பிடியில்லாத படியில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது. கவிநிலா பின்னால் போகவில்லை.

தலைவர் எழுந்து நின்றார். குரல் தழுதழுத்தது. "இந்த வாரியம் எத்தனையோ நட்பை வளர்த்திருக்கு. ஆனா ஒரு நட்பையாவது முறைப்படி பிரிச்சிருக்கீங்களான்னு யாராவது கேட்டா, இதுவரைக்கும் எனக்குப் பதில் இல்ல. இன்னிக்குத் தலை நிமிந்து சொல்வேன்." மங்களாம்பிகை, பழைய கோபத்தை மறந்து, அவருக்குக் கை கொடுத்தார். எல்லோருக்கும் ஒரு மைசூர்பாகு வந்தது. கவிநிலாவுக்கும் கொடுத்தார்கள். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே வீடு வரை வந்துவிட்டாள்.

பிரிவு வந்துவிட்டதால் இனி சேர வேண்டியதுதான் பாக்கி. கடைசிக் காட்சியை வாரியமே முன்னின்று படமாக்குவதென்று தீர்மானம். செங்கம் ரோட்டிலிருந்து கிரிவலப் பாதை பிரிகிற இடத்தில், ஒரு புளியமரத்தடியில் வேனை நிறுத்தினார்கள். கேமராவும் வந்திருந்தது, பீரோவோடு. பீரோச் சாவி வைத்திருக்கும் ஊழியர் மகளுக்குக் காதுகுத்து என்று லீவில் போயிருந்தார். சரி, தாட்சாயிணியின் செல்போனிலேயே எடுக்கலாம், கேமரா பக்கத்தில் இருந்து ஊக்கம் கொடுக்கட்டும் என்றார் தலைவர். இரண்டு பெண்களும் வேனின் இரண்டு முனைகளில் நின்றார்கள். ஒரு வாரமாகப் பேச்சு இல்லை.

மங்களாம்பிகை காட்சியை விளக்கினார். "ஒருத்தி இந்தப் பக்கம் போறா. ஒருத்தி அந்தப் பக்கம் போறா. ரெண்டு பேரும் மலையைச் சுத்தி எதிரெதிரா ஓடி வந்து சந்திக்கிறாங்க. செருப்பு இல்லாம, வெறுங்காலோட."

எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு ஒவ்வொருவராக ஆட்டுவதை நிறுத்தினார்கள்.

"மேடம்" என்றார் முருகவேல், "எதிரெதிரான்னா ஒருத்தி மலையை இடப்பக்கமா சுத்தணுமே."

அந்த ஊரில் பிறந்த யாரும் அண்ணாமலையை இடமாகச் சுற்றியதில்லை. மலை வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, கால்களுக்கே தெரியும். ஒரு வாரமாகக் கூடிக் கூடித் தீட்டிய காட்சியில் அதை யாரும் கவனிக்கவில்லை. வேங்கிக்காலில் உட்கார்ந்து வரைபடத்தில் பார்த்தால் மலை ஒரு வட்டம், அவ்வளவுதான்.

"தினமும் டவுன் பஸ் ரெண்டு பக்கமும்தான் போகுது" என்றார் மங்களாம்பிகை.

"பஸ் வேலையாப் போகுது மேடம். வேலையாப் போறது வேற, சுத்தறது வேற."

"இவங்க ஓடறது வேலைதான? படம்."

"வெறுங்காலோட ஓடினா அது கிரிவலம் ஆயிடும்."

தலைவர் புளியமரத்தடியிலேயே அவசரக் கூட்டம் கூட்டினார். நெடுநேர விவாதத்துக்குப் பின் தீர்மானம் வந்தது. செருப்புப் போட்டு ஓடினால் வேலை. கழற்றி ஓடினால் கிரிவலம். எனவே வலமாக ஓடும் நண்பர் வெறுங்காலோடும், இடமாக ஓடும் நண்பர் செருப்போடும் ஓட வேண்டும். மங்களாம்பிகை எழுந்துவிட்டார். செருப்புப் போட்டுக்கொண்டு வரும் பாசத்தை உலகத்தில் எந்த ரசிகனும் நம்ப மாட்டான் என்றார். அதோடு, வாரியம் ஒரு பெண்ணை இடமாகச் சுற்ற வைத்தது என்று யாராவது போட்டோ எடுத்துப் போட்டுவிட்டால் என்ன ஆவது என்று தலைவருக்கு இன்னொரு கவலை வந்தது. குருக்கள் வீட்டுப் பெண் வேறு.

கடைசியில் முருகவேல் சொன்னார்: "ஒருத்தி இங்கயே நிக்கட்டும் சார். இன்னொருத்தி முன்னால நடக்கட்டும். சுத்தி வந்தா பின்பக்கமா வந்து சேந்துடுவா. ரெண்டு பேரும் விதிய மீறல."

"பத்தடி தூரத்துல நிக்கிறவகிட்ட வர்றதுக்குப் பதினாலு கிலோமீட்டரா?" என்றார் மங்களாம்பிகை. பிறகு தானே கண்களை மூடி, "அடடா, அது நல்லா இருக்கே" என்றார்.

கவிநிலா செருப்பைக் கழற்றி வேனில் வைத்துவிட்டு நடந்தாள். தாட்சாயிணி புளியமரத்தடியில் மார்பின் குறுக்கே கைகட்டி நின்றாள். போகும்போது ஒருத்தியை ஒருத்தி பார்க்கவில்லை.

முதலில் வேன் பின்னாலேயே வந்தது. ஜன்னல் வழியாக மங்களாம்பிகை, "கோபமா நட, கவி. இன்னும் கொஞ்சம் கோபம்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். கோபத்துக்கு அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு டீக்கடையில் வேன் நின்றது. பிறகு கொஞ்ச தூரம் வந்தது. தலைவருக்கு ஒரு புத்தகக் கண்காட்சித் திறப்பு விழா ஞாபகம் வந்தது. அடி அண்ணாமலை வருவதற்குள் வேனைக் காணவில்லை. அதோடு செருப்பும் போய்விட்டது.

கடையில் பொன்னி மோர்ப் பானையை மூடிவிட்டு எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, வெறுங்காலோட வர்ற? வேண்டுதலா?"

"ஷூட்டிங்."

"கேமரா எங்க?"

"பீரோவுல."

பொன்னி அவளுக்குப் பின்னால் பார்த்தாள். "தாட்சா எங்க?"

"நிக்கிறா."

"இந்த வெயில்லயா? இந்தா, அவளுக்கு எடுத்துட்டுப் போ" என்று ஒரு பாட்டிலில் மோரை ஊற்றிக் கொடுத்தாள்.

இங்கிருந்து வீடு ஐந்து நிமிட நடை. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. கவிநிலா பாட்டிலை வாங்கிக்கொண்டு நேராக நடந்தாள். கோபம் அப்படியேதான் இருந்தது. கோபத்தோடு போய்ப் பேசிவிட வேண்டும் என்றும் இருந்தது. திரும்பி நடந்தால் சீக்கிரம் போய்விடலாம்தான். கால் திரும்பவில்லை. காஞ்சி ரோடு வருவதற்குள் தாட்சாயிணிக்கு என்று கொடுத்த மோரை, தாட்சாயிணி மேல் உள்ள கோபத்திலேயே முழுவதும் குடித்து முடித்தாள். ஊருக்குள் நுழைந்து, கோயிலைத் தாண்டி, மறுபடி செங்கம் ரோட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பாதம் தார் ரோட்டின் ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

புளியமரத்தடியில் தாட்சாயிணி இருந்தாள். நிற்கவில்லை, வேரில் உட்கார்ந்திருந்தாள். காலடி கேட்டும் திரும்பவில்லை.

"தலைவர விழாவுல விட்டுட்டு வேன் இங்க வந்துச்சு, அதுவும் போயிடுச்சு" என்றாள் அவள். "அஞ்சு மணி ஆச்சாம். துரத்தற நேரம் முடிஞ்சுதாம்."

"நீ ஏன் போகல?"

"நீ சுத்திட்டு வருவன்னு தெரியும். அம்மா கடையிலயே உக்காந்துடுவியோன்னு ஒரு டவுட்டும் இருந்துச்சு."

கவிநிலா இன்னொரு வேரில் உட்கார்ந்து காலை நீட்டினாள். "சைக்கிள் உன் ஐடியாதான். நான் அத யோசிச்சதே இல்ல, உன் பேர விட்டுட்டேன்னு."

"தெரியும். நீ யோசிக்கலன்றதுதான் எனக்கு எரிச்சல்."

"நானும் ஒன்னு சொன்னேன். அவரு எழுத மாட்டேன்னுட்டாரு."

"இன்னா அது?"

கவிநிலா பாதத்தில் ஒட்டிய ஒரு கல்லைத் தட்டிவிட்டாள். "எங்க வீட்ல நீ தண்ணி குடிச்சதே இல்ல."

தாட்சாயிணி அவளைத் திரும்பிப் பார்த்தாள். "நீ குடுத்தியா?"

"இன்னாது?"

"ஒரு தடவயாவது, இந்தா குடின்னு குடுத்தியா? உங்கம்மா குடுக்க வருவாங்க, நீ முந்திக்கிட்டு, அவ குடிக்க மாட்டாம்மான்னு சொல்லிடுவ. முத நாளே சொன்ன. அப்புறம் நான் போய் எப்படிடி கேப்பேன்? பாட்டில் எடுத்துட்டு வர ஆரம்பிச்சேன்."

கவிநிலா யோசித்துப் பார்த்தாள். சொல்லியிருக்கிறாள். வேண்டாம் என்று அவள் சொல்லிக் கேட்பதற்கு முன்னால் தானே சொல்லிவிட்டால் வலி கம்மி என்று அப்போது தோன்றியிருக்கிறது.

"தாகமா இருக்கு" என்றாள் தாட்சாயிணி. "ஏதாவது வச்சிருக்கியா?"

கவிநிலா காலி பாட்டிலைக் காட்டினாள். "அம்மா உனக்குன்னுதான் குடுத்தாங்க. கோவத்துல நானே குடிச்சிட்டேன்."

தாட்சாயிணி சிரித்ததில் புளியமரத்திலிருந்து ஒரு காக்கை எழும்பிப் போனது.

பத்து நாள் கழித்து வாரியம் இருவரையும் அழைத்தது. தலைவர் முகத்தில் கவலை. கடைசிக் காட்சி பதிவாகவில்லை. எனவே சேர்ந்ததற்கு ஆதாரம் இல்லை. பிரிந்ததற்கு மட்டும் தீர்மானமும் மைசூர்பாகு ரசீதும் இருக்கின்றன.

"வாரியத்தைப் பொறுத்தவரைக்கும் நீங்க பிரிஞ்சவங்கதான். நட்பே இல்லாதப்போ, ஒரு நட்புக்கு ஒரு இடம்னு எப்படிக் குடுக்க முடியும்? விதிய நானே எழுதினேன். எனக்கே வேதனையா இருக்கு."

கவிநிலா நாள் கணக்குப் போட்டாள். நர்சிங் கல்லூரியில் திங்கட்கிழமை சேர வேண்டும்.

முருகவேல் இருமினார். "சார், 'தனித்துப் போராடும் இளையோர்'னு ஒரு பிரிவு இருக்கு. ஆளுக்கு ஒரு இடம். ஆரம்பிச்சதுலேந்து யாரும் சேரல. வந்தவங்க எல்லாரும் அம்மாவோடவோ ஃபிரண்டோடவோ வந்துட்டாங்க. இவங்க ரெண்டு பேரும் இப்ப தனித்தனி ஆளு. ஒரே ஊர்ல ரெண்டு தனி ஆளு இருக்கக் கூடாதுன்னு விதியில இல்ல. சேரவே மாட்டாங்கன்னு குழு நேர்ல பாத்துத் திருப்திப்பட்டா போதும்."

தலைவர் நிமிர்ந்தார். செலவாகாமல் கிடந்த இரண்டு இடங்கள் ஒரே நாளில் தீர்கின்றன. "நீங்க மறுபடி சேந்துட்டீங்களா?" என்று கேட்டார். அப்படி ஏதும் ஆகிவிடவில்லையே என்ற பதற்றம் குரலில் இருந்தது.

கவிநிலா தாட்சாயிணியைப் பார்த்தாள். தாட்சாயிணி உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள்.

"இவ மூஞ்சியில முழிக்க மாட்டேன் சார்" என்றாள் கவிநிலா. "ஆறு மணிக்கு வான்னா எட்டு மணிக்கு வருவா. சூரியன் இவளுக்காக நிக்குமா? உதயம் எடுக்கப் போய் உச்சி வெயில் எடுத்துட்டு வந்தோம்."

"சூரியன நல்லா எடுத்தது நான். உதயம்னு எழுதிப் பேர் போட்டுக்கிட்டது நீ."

"ஃபோகஸ் தெரியாதவளுக்குப் பேர் ஒரு கேடா?"

"வண்டி மிதிக்கத் தெரியாதவளுக்குச் சைக்கிள் படம் ஒரு கேடா? மேடு வந்தா இறங்கிக்குவா சார் இவ. படம் பூரா நான்தான் மிதிச்சேன். கால் தெரியாம ஷாட் வச்சுட்டா."

"தெரிஞ்சிருந்தா யாரு பாப்பாங்க அந்தக் கால?"

மங்களாம்பிகை நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "இதான். இதத்தான் நான் அன்னிக்குக் கேட்டேன்" என்று கண்ணைத் துடைத்தார். தலைவர் மேஜையை மெல்லத் தட்டி ரசித்தார். பிறந்த ஊர், படித்த பெஞ்ச், கடன் வாங்கித் திருப்பாத ஜியோமெட்ரி பாக்ஸ் என்று சண்டை வளர்ந்தது. சில வசனங்களில் கவிநிலாவுக்கு நடிப்பு எது, நிஜம் எது என்று தெரியவில்லை. கேட்டால் தாட்சாயிணிக்கும் தெரிந்திருக்காது.

"எங்க வீட்டு வாசப்படி மிதிச்சிடாத" என்று கத்தினாள் கவிநிலா.

"கூப்ட்டாலும் வர மாட்டேன். உன் சவகாசமே..."

தாட்சாயிணிக்குத் தொண்டை கட்டி, வசனம் பாதியில் நின்றது. கவிநிலா பையிலிருந்து பாட்டிலை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டினாள். காலையில் பொன்னி ஊற்றிக் கொடுத்த மோர். தாட்சாயிணி அதைப் பிடுங்கினாள். அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை, வாய் வைத்து, மூச்சு விடாமல் பாதி பாட்டில் குடித்தாள். மீதியைத் திருப்பிக் கொடுத்தாள். கவிநிலாவும் ஒரு வாய் குடித்துவிட்டு மூடினாள்.

"...உன் சவகாசமே எனக்கு வேணாம்" என்று முடித்தாள் தாட்சாயிணி, புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு.

தலைவரும் நெறியாளரும் கை தட்டினார்கள். அடுத்த வசனத்துக்குக் காத்திருந்த அவசரத்தில் அவர்கள் வேறு எதையும் பார்க்கவில்லை. முருகவேல் பார்த்தார். பேனாவைத் திறந்தார். கட்டம் பெரிதாகத்தான் இருந்தது. 'இருவரும் மீண்டும் சேர எவ்வித வாய்ப்பும் இல்லை. நேரில் கண்டேன்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.